மூன்று ராஜாக்களுக்கு ஒரு நடைபாலம்

தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பகுதியில் தோசைக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் பழைய சாமான்கள் விற்கும் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பழைய புத்தகங்களை விற்பதற்காக மகள் போட்டுக்கொடுத்தது. இதுவரை ஒரு புத்தகமும் விற்கவில்லை. மற்றவர்கள் வீட்டு ஸ்டோர் ரூமை வேடிக்கை பார்க்கத்தான் கற்றுக்கொண்டேன். அன்று பொம்மை ரயில் சாமான்களின் வரிசையில் ஒரு படம் வந்தது. ஓரம் பழுப்பேறிய அட்டைப்பெட்டி. அதன்மேல் பச்சையும் வெண்மஞ்சளுமாக ஒரு சிற்றூர் ரயில் நிலையத்து நடைபாலம். வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளே இருக்கும். பெட்டி பிரிக்கப்படவில்லை. விலை நூற்று எண்பது வெள்ளி, அதாவது எங்கள் ஊர் டாலர். கீழே ‘டிஸ்கன்டினியூட்’ என்று பெரிய எழுத்தில். அதற்கும் கீழே, பேரம் பேச வேண்டாம் என்ற கண்டிப்பு.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

“டிஸ்கன்டினியூட்னா இனிமே அதைச் செய்யமாட்டாங்கன்னு அர்த்தம்பா. அதான் இந்த வெலை.”

“தெரியும்மா” என்றேன்.

எனக்கு அது தெரிந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் இரண்டு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

என் நண்பன் ஆரோக்கியத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அப்போது நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். எதிரெதிர் மேசை. எதைச் செய்தாலும் தேதி குறித்துவைக்கும் என் பழக்கத்தைப் பார்த்து அவன் எனக்குக் ‘கேலண்டர்’ என்று பெயர் வைத்தான். புதுப் பேனாவில் மை ஊற்றினால்கூட அன்றைய தேதியை ஒரு துண்டுத்தாளில் எழுதி உறையில் போட்டுவைப்பேன். நான் எழுதுகிற கட்டுரைகளை இப்போதும் பெர்த்தில் இருந்துகொண்டு படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவான். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்வாய்ஸ் மாதிரி இருக்குடா. ஒரு தடவையாச்சும் தேதி போடாம எழுதிக் காட்டு.” ஆகவே இதில் தேதி கிடையாது. எல்லாத் தேதியும் என்னிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சிராங்கூன் சாலையில் நகப்பூச்சுக் கடை ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆரோக்கியத்தின் வீட்டு ஞாபகம் வரும். நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாசனையும் பிளாஸ்டிக் ஒட்டும் பசையின் வாசனையும் ஏறக்குறைய அண்ணன் தம்பி. டிசம்பர் பிறந்துவிட்டால் அவன் வீட்டில் அந்த வாசனைதான். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஏழாவது மாடி. தாழ்வாரத்தில் நின்றால் மலேசியாவுக்குப் போகும் நிஜ ரயில் தெரியும். கூடத்தில் அவனுடைய பொம்மை ரயில் ஓடும். வெள்ளைக்காரப் படைகள் நாட்டை விட்டுக் கிளம்பிய காலத்தில், சாமான்களை விற்றுவிட்டுப் போன ஒரு சிப்பாய்க் குடும்பத்திடம் அவனுடைய அப்பா வாங்கியது. பச்சை எஞ்சின் ஒன்று, பெட்டி மூன்று, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம்.

அந்த வட்டத்தின் நடுவில்தான் ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவான். காக்கித்தாளைக் கசக்கி மலை, பஞ்சால் பனி, பால் டின்களில் முளைக்கவைத்த கேழ்வரகுப் பயிர். நடுவே மாதாவும் சூசையப்பரும் பாலனும். சுற்றிலும் ரயில். ஆடுகள் எஞ்சினைவிட உயரம். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது இரண்டு சுற்று நின்று பார்த்துவிட்டு, “பெத்லகேமுக்கு எப்பய்யா ரயில் விட்டாங்க?” என்றாராம். “கூட்டம் ஜாஸ்தி சாமி, சத்திரத்துல எடமில்லைன்னு பைபிள்லயே இருக்கே. ஸ்பெஷல் ட்ரெயின் விட்டிருப்பாங்க” என்று இவன் சொல்லியிருக்கிறான். சாமியார் மூன்றாவது சுற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனாராம்.

அவர்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. மூன்று ராஜாக்களையும் கிறிஸ்துமஸ் அன்று குடிலில் வைக்கமாட்டார்கள். பாலனைத் தேடிக் கிழக்கிலிருந்து அவர்கள் வந்துசேர நாளாகும் அல்லவா? அதனால் வாசல் பக்கத்து அலமாரியிலிருந்து கிளப்பிவிட்டு, தினம் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் பாலன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நகர்த்தும் பொறுப்பு அவனுடைய தங்கை ரெஜினாவுக்கு. தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவள்தான் ஓர் ஆண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அண்ணே, சுத்தி ரயில் ஓடுதே, ராஜா எப்படிண்ணே தாண்டுவாங்க?”

“குதிச்சு ஓடிருவாங்க” என்றான் ஆரோக்கியம்.

“தண்டவாளத்தத் தாண்டினா ஃபைன். கீழ போர்டு போட்டிருக்கு.”

எதற்கெடுத்தாலும் அபராதம் போடும் எங்கள் ஊர்ப் பிள்ளை. அவளிடம் வாதாடிப் பயனில்லை. “மூணு பேருக்கும் சேத்து ஃபைன் கட்ட என்னால முடியாது. பாலம்தான் போடணும்” என்றான் அவன். நான் பெருமையாக வாயைத் திறந்தேன்: “பாலம் என் பொறுப்பு.”

அடுத்த ஆண்டு தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்கு ஆஸ்திரேலியா போக அனுமதி வந்தது. குடும்பத்தோடு பெர்த்துக்கு, ஜனவரி கடைசியில் பயணம். அப்படியென்றால் வரப்போவதுதான் அந்த வீட்டின் கடைசிக் குடில். வாக்கைக் காப்பாற்ற எனக்கு இருந்ததும் அந்த ஒரு கிறிஸ்துமஸ்தான்.

நார்த் பிரிட்ஜ் சாலைப் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் மூன்றாவது மாடியில் பொம்மை ரயில் விற்கும் கடை இருந்தது. சீனர் ஒருவர் நடத்தினார். கண்ணாடி அலமாரியில் அந்தப் பாலம் இருந்தது, ஒரே ஒரு பெட்டி. பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு. தட்டச்சு செய்த விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினார். பாலத்துக்கு நேரே சிவப்பு மையில் ‘டிஸ்க்.’ என்று சுருக்கி எழுதி ஒரு புள்ளி வைத்திருந்தது.

என் பக்க நியாயத்தைக் கேளுங்கள். அலுவலகத்தில் நான் கணக்குச்சீட்டு எழுதும் குமாஸ்தா. அந்த நான்கு ஆங்கில எழுத்தையும் புள்ளியையும் நாள்தோறும் என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தவன். எங்கள் மேசையில் அதற்கு டிஸ்கவுன்ட், தள்ளுபடி என்று ஒரே ஒரு பொருள்தான்.

“திஸ் ஒன் டிஸ்க், ஆ?” என்றேன்.

“ஆல்ரெடி டிஸ்க் லா.”

“லேட்டர் மோர் டிஸ்க்?”

“ஓ, லேட்டர் மோர், மோர்” என்று அவர் அலமாரி முழுவதையும் கையால் காட்டினார். முகத்தில் ஒரு சோகம். பாவம், வியாபாரம் சரியில்லை போலிருக்கிறது, எல்லாவற்றுக்கும் விலை குறைக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கட்டும், ஒன்பது வெள்ளிக்கு வந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டபடி படியிறங்கினேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. அன்றே அதே தெருவில் பதினைந்து வெள்ளிக்கு ஒரு நாட்குறிப்பு வாங்கினேன் என்று அந்த நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

மறுபடி இருமுறை போனேன். விலை குறையவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். நான்காவது முறை போனது கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. அலமாரியில் பெட்டி இருந்த இடத்தில் பெட்டியளவு தூசியில்லாத சதுரம் மட்டும் இருந்தது.

“ஹபிஸ்” என்றார் கடைக்காரர். தீர்ந்துபோன எதற்கும் இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் மலாய்ச் சொல். “டிஸ்க் மீன்ஸ் டிஸ்கன்டினியூட் லா. ஃபேக்டரி ஸ்டாப். ஐ டோல்ட் யூ.”

சொல்லத்தான் சொன்னார்.

ஆரோக்கியத்திடம் “ஸ்டாக் இல்லடா” என்று மட்டும் சொன்னேன். “ரெண்டு மாசமா இருக்கு இருக்குன்னு சொன்ன. பன்னெண்டு வெள்ளி செலவு பண்ண மனசு வரல, அதான? கஞ்சப்பய” என்று சிரித்தான். நான் மறுக்கவில்லை. தினமும் எழுதுகிற சொல்லுக்குப் பொருள் தெரியாதவன் என்பதைவிடக் கஞ்சன் என்ற பெயர் கௌரவமாகத் தோன்றியது. ஆனால் அவன் சிரிப்பு எப்போதும்போல இல்லை. சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்று ராஜாக்கள் திருநாள் மாலை நானும் அங்கே இருந்தேன். ரெஜினா முதல் ராஜாவைக் கையில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தருகே காத்திருந்தாள். ரயில் மலையைச் சுற்றி வந்தது. ஆரோக்கியம் கைநீட்டி விசையைத் திருப்ப, ரயில் நின்றது. மூன்று ராஜாக்களும் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். “மூணு பேருக்காக ட்ரெயின் நிக்குது பாரு. எந்த ஊர்ல நடக்கும்?” என்று ரெஜினாவிடம் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. அதே மாதம் குடும்பமே விமானமேறியது. எஞ்சினும் தண்டவாளமும் யாரோ உறவினரிடம் போய், அங்கிருந்து எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ரெஜினா மட்டும் பிற்பாடு கல்யாணமாகி இங்கேயே திரும்பிவந்தாள். பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறாள்.

இந்தச் செயலியில் விலைகள் போகும் போக்கைச் சில வாரங்கள் நோட்டில் குறித்துவந்தேன். குறிக்காமல் இருக்க முடியவில்லை. ஒட்டி முடித்த பாலம் என்றால் நாற்பது வெள்ளிக்கு எடுக்க ஆளில்லை. பிரித்த பெட்டி, துண்டுகள் முழுமை என்றால் எண்பது, தொண்ணூறு. பிரிக்காதது என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. அதாவது, எதற்காகச் செய்தார்களோ அதைச் செய்யச் செய்ய விலை இறங்குகிறது. ஒருவர் வெறும் பெட்டியை மட்டும் முப்பத்தைந்து வெள்ளிக்கு விற்கிறார். உள்ளே ஒன்றுமில்லை என்பதை நேர்மையாகப் படமெடுத்தும் போட்டிருக்கிறார். ஒட்டும் முறையை அச்சிட்ட தாள் மட்டும் தனியாகப் பதினைந்து. அந்தத் தாளைப் படித்தபடி வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க ஐம்பது வெள்ளி ஆகும் என்று கூட்டிப் பார்த்தேன்.

செயலியில் பாலத்தைப் பார்த்த அந்த ஆண்டு டிசம்பரில் ஆரோக்கியம் தங்கை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். இதய அறுவைக்குப் பிறகு நீண்ட பயணம் இதுவே கடைசி என்று அவனுடைய டாக்டர் சொல்லிவிட்டாராம். பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். இன்னொரு முறை விலை இறங்கக் காத்திருக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

ரெஜினா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்தேன். ஆரோக்கியம் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தான்.

“எவ்ளோடா?”

சொன்னேன்.

“அப்பவே பன்னெண்டு வெள்ளிக்கு வாங்கியிருக்கலாம்லடா, கஞ்சப்பய.”

அப்போதுதான் அந்த நான்கு எழுத்துக் கதையைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, பதினைந்து வெள்ளி நாட்குறிப்பு உட்பட. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து ரெஜினா ஓடிவந்து, “அண்ணே, நெஞ்சைப் பாத்துக்கிட்டுச் சிரிங்க” என்றாள்.

“இவன் கஞ்சன் இல்லையாம் ரெஜினா. இங்கிலீஷ்தான் வராதாம். நான் நாப்பது வருஷமா தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றான். சிரிப்பு அடங்கிய பிறகு, “சொல்லியிருக்கலாம்லடா. ஊருக்குப் போற நேரத்துல, நான் போறதுல ஒனக்கு ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சுட்டேன்” என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு உடனே கட்டைவிரல் நகத்தால் பெட்டியின் உறையைக் கிழித்தான்.

“டேய், பிரிச்சா பாதி வெலைடா” என்று என் வாய் தானாகச் சொன்னது.

“நீ இன்னும் அந்தக் கடையிலயேதான் நிக்கிற.”

மூன்று மதியங்கள் ஒட்டினோம். வெட்டியது அவன். விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தது நான். “ஏர்கான் போட்டுட்டுப் பசை ஒட்டாதீங்க, தல சுத்துது” என்று ரெஜினா சன்னல்களைத் திறந்துவைத்தாள். படிகள் நேராக வந்தன. கைப்பிடி மட்டும் ஓரிடத்தில் கொஞ்சம் கோணல். அது நான் ஒட்டியது.

பசை காய்ந்ததும் பாலத்தை வைக்க இடம் தேடினோம். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரெஜினாவின் குடில் இருந்தது. கடைத்தொகுதியில் வாங்கியது, இரண்டு கையகலம், பேட்டரி போட்டால் விளக்கெரியும். ஆரோக்கியம் ஒரு ராஜாவைத் தூக்கினான். கூடவே மற்ற இருவரும், மாதாவும், ஆடும், கொட்டகையும், மொத்தப் பெத்லகேமும் மேலே வந்தது. எல்லாம் ஒரே வார்ப்பு.

“தூசி தட்ட ஈஸிண்ணே” என்றாள் ரெஜினா, குற்றத்தை ஒப்புக்கொள்பவள்போல.

அவன் கீழே வைத்துவிட்டு, பாலத்தைக் குடிலுக்கு முன்னால் நிறுத்தி, தள்ளி நின்று பார்த்தான். “நல்லாத்தான்டா இருக்கு” என்றான். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே பெர்த்துக்குத் திரும்பினான். பாலம் இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ரயில் வருவது நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்த பாதையில் காலையில் ஆட்கள் நாயோடு நடக்கிறார்கள். நினைத்த இடத்தில் குறுக்கே போகிறார்கள். அபராதப் பலகையும் இல்லை. மூன்றாவது மாடிக் கடை இருந்த இடத்தில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் என் நோட்டில் தேதி இருக்கிறது. ராஜாக்களுக்குத்தான் இல்லை. அவர்கள் எப்போது நடப்பதை விட்டார்கள் என்று நான் கவனிக்கவில்லை. இப்போது கடையில் வாங்கும்போதே அவர்கள் வந்துசேர்ந்தவர்களாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பை மாட்டும் முன் அலமாரிப் பக்கம் ஓடிப்போய், “இன்னைக்கு எவ்ளோ தூரம் வந்திருக்காங்க?” என்று பார்க்கும் பிள்ளை இருக்கிற வீடு, எனக்குத் தெரிந்து, ஒன்றும் இல்லை.