வலி நின்றதும் வந்த வீக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களத்தில் அவருக்கு வேலை. வலி வந்தால் கிராம்பைக் கடிப்பார், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். டாக்டரிடம் போகலாமென்றால், "சீசன் முடியட்டும் அம்மணி" என்பார். ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நானும் நம்பினேன். உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துத் தாடைக்கு அடியில் வீங்கியது. மறுநாள் காலையில் வீக்கம் கழுத்துக்கு இறங்கிக் கல்லாட்டம் கெட்டியாக இருந்தது. காய்ச்சல் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை. கொடுத்த தண்ணீரும் விழுங்க முடியாமல் வழிந்தது.

பக்கத்துப் பல் டாக்டரம்மா கழுத்தைத் தொட்டதுமே எழுந்துவிட்டார். "மூச்சு அடைச்சுப் போடுமுங்க. உடனே கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. படுக்க மட்டும் வெச்சுப்போடாதீங்க."

வாடகைக் காரில் என் வீட்டுக்காரர் முன்சீட்டைப் பிடித்தபடி குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் விசில் போல ஒரு சத்தம். கிணத்துக்கடவில் வண்டி நெரிசலில் நின்றது. அந்தச் சத்தமும் நின்றுவிடுமோ என்று அவர் முதுகில் காதை வைத்துக்கொண்டேன். "ஏனுங்க, மூச்சு உடுங்க, என்னையப் பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். சாமியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தை நீட்டினார். "பல் வேர்ல புடிச்ச சீழ் கழுத்துக்குள்ள பரவிருச்சுங்க. தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வெச்சாத்தான் மூச்சு விட முடியும்."

"ஒரு பல்லுக்குங்களா?"

"ஒரு பல்லுக்குத்தானுங்க. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க."

தொண்டையில் குழாய் வைத்தார்கள். தாடைக்கு அடியில் இரண்டு இடத்தில் கீறிச் சீழை வெளியே எடுத்தார்கள். அந்தப் பல்லையும் பிடுங்கினார்கள். மருந்து நரம்பு வழியாக ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள், பேச்சு வராததால், என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்: 'செத்துருவனா?' இல்லை என்று தலையாட்டினேன். எனக்கே நம்பிக்கையில்லை.

பிழைத்துக்கொண்டார். பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அந்த வாரமே எங்கள் பெண்ணைப் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். விளக்கடித்துப் பார்த்து, "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "இன்னொருக்காப் பாருங்க" என்றேன்.