கைராசிக்காரியும் வெள்ளித் தகடும்

தீக்காய வார்டில் அந்த நர்ஸைக் கைராசிக்காரி என்பார்கள். கட்டுப் பிரிக்கும்போது ஊரைக் கூட்டுகிற ஆள்கூட அவள் கை பட்டால் வாயைத் திறக்க மாட்டார். காயத்தோடு ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீரில் ஊறவைத்து, நூல் நூலாக விலக்கி, பழைய களிம்பைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசிக் கட்டுவாள். தினமும் இதே பாடுதான். ஆனால் தினமும் ஒருவராவது, "அக்கா, நீங்களே வாங்க" என்று கூப்பிடுவார். அந்த வார்த்தைக்காகவே அவள் வேலைக்கு வந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ஒரு புது நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். கூடவே வெள்ளிச் சத்து ஏற்றிய, துணிபோல் மெல்லிய தகடும் வந்தது. காயத்தைச் சுத்தம் செய்து ஒருமுறை ஒட்டினால் போதும். அடியில் தோல் வளர்ந்ததும் தானாக உரிந்து வரும். அதுவரை யாரும் அதை இழுக்கக் கூடாது. தினமும் கழுவித் துடைத்தால் முளைக்கிற தோலும் சேர்ந்து போய்விடுகிறது என்று டாக்டர் விளக்கினார். தன்னைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று கைராசிக்காரி எடுத்துக்கொண்டாள்.

நோயாளிகள் கட்சி மாறினார்கள். சின்ன சிஸ்டர் ஒட்டினால் வலியே இல்லை என்று கட்டிலுக்குக் கட்டில் அதே பேச்சு. அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த வார்டில் மருந்தில்லாத எரிச்சல் அது ஒன்றுதான். வேலை குறைந்தால் நல்லதுதானே என்று வீட்டில் புருஷன் சொல்லித் தொலைத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பாட்டில் உப்பில்லை.

அடுப்பில் முன்கையைச் சுட்டுக்கொண்டு வந்த பேக்கரிக்காரர் முதலில் அவளிடம் மட்டுமே கை நீட்டியவர். இப்போது அவர் கையிலும் தகடு. அவளுக்குப் பொறுக்கவில்லை. அடியில் சீழ் கட்டியிருக்கும், கட்டியிருந்தே ஆக வேண்டும். அதைக் காட்டி எல்லார் வாயையும் அடைக்க வேண்டும். சின்னவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, உள்ளே எப்படியிருக்கிறது என்று பார்த்துவிடலாமா என்று அவரிடம் கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார்.

உப்புநீர் விட்டாள். ஓரத்தைத் தூக்கினாள். ஊறுவதற்குள் இழுத்தாள்.

சீழ் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அவள் களிம்பு இத்தனை வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் காட்டியிராத தோல். நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு அது தகட்டோடு பிய்ந்து வந்துவிட்டது. ரத்தம் கசிந்தது. பேக்கரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சின்னவள் வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. சின்னவள் வாய் திறப்பதற்குள் பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார்.

"நீ ஒட்டினது சரியில்லம்மா. நல்லவேளை, அக்கா பார்த்தாங்க. இனிமே அக்காவே பண்ணட்டும்."

எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை. சின்னவள் கண் கலங்கி, "நான்தான் தப்பா ஒட்டிட்டேனாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், வார்டு மறுபடி அவளுடையதாகிவிடும். தலையாட்டத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் அவள் விரலிடுக்கில் இருந்த தகட்டில் அந்த மனிதரின் தோல் ஒட்டியிருந்தது.

"அவ சரியாத்தான் ஒட்டியிருக்கா. ஆறிட்டு வந்த தோலை நான்தான் பிச்சுட்டேன்," என்றாள்.

பேக்கரிக்காரர் கையை மெல்ல அவளிடமிருந்து இழுத்து, சின்னவள் பக்கம் நீட்டினார்.