ஏற்றுமீனுக்குக் காத்திருந்த இடவம்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் சபையில் கொடுக்கும் காலண்டர் ஒன்றுதான் தொங்கும். தேதிக்குக் கீழே ஒரு வேத வசனம், அவ்வளவுதான். நல்ல நேரம், ராகுகாலம் எதுவும் அதில் இராது. ஒப்பந்தம் முடிந்து மஸ்கட்டிலிருந்து வந்த மறுவாரம் என் கணவர் அதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்து, மார்த்தாண்டத்தில் வாங்கிய பஞ்சாங்கக் காலண்டர் ஒன்றை மாட்டினார். அமாவாசைகளுக்குச் சிவப்பு வட்டம், பௌர்ணமிகளுக்கு நீல வட்டம். ஒவ்வொரு தாளின் மேலும் மேடம், இடவம், மிதுனம் என்று மலையாள மாதப் பெயரையும் எழுதினார். எங்கள் பக்கத்தில் சம்பளம் ஆங்கில மாதத்தில் வரும், மழை மலையாள மாதத்தில்தான் வரும்.

"வேதக்காரங்க வீட்டுல அமாவாசைக்கு வட்டம் போட்டு வச்சிருக்கிய. சபையில யாராவது பாத்தா என்ன சொல்லுவாவ?" என்று கேட்டேன்.

"மீனு சபைக்கு வாறதில்லல்லா. அதுக்கு நெலாவுதான் கணக்கு, கேட்டியா" என்றார்.

நான் பயந்தது போலவே போதகர் வீடு சந்திக்க வந்தபோது அவருடைய கண் நேரே அந்தச் சிவப்பு வட்டங்களில்தான் போய் விழுந்தது. என் கணவர் கொஞ்சமும் அசரவில்லை. நிலவு நாட்களில் மீன் இரவெல்லாம் மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், காலையில் நீங்கள் தங்கத்தைக் கோர்த்துப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது, இருட்டு நாட்களில் பசியோடு விடியும், அப்போதுதான் தூண்டிலுக்கு வேலை என்று நீளமாக விளக்கினார். போதகர் கட்டன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, "அப்பம் நல்ல வரால் ஒண்ணு எப்பம் கிட்டும்?" என்று கேட்டார். அன்றோடு என் பயம் போயிற்று.

அவரைக் கேலி செய்வதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. ஆனால் அவருடைய ஆசையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கேலி வராது. கல்யாணம் முடிந்த அடுத்த வருடமே போனவர். ஏசி மெக்கானிக். அந்த ஊரில் வெயில் ஏறும்போதுதான் ஏசிகள் வரிசையாக மக்கர் செய்யும், அந்த மாதங்களில் யார் விடுமுறை கொடுப்பார்கள்? அவருக்குக் கிடைத்த விடுமுறையெல்லாம் மார்கழியிலும் தையிலும்தான். அப்போது எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடுகிற ஆறு, கண்ணாடி போல் தெளிந்து, பாறைகளுக்கு நடுவே மெலிந்து கிடக்கும். மைதா உருண்டையைக் கோர்த்துக் கெண்டைக்குக் காத்திருப்பார். நாலு கெண்டை கிடைக்கும். அதற்குள் விடுமுறை தீர்ந்துவிடும். இடவப்பாதி என்று நாங்கள் சொல்கிற தென்மேற்கு மழை இறங்குவதை, போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

கண்ணால்தான் பார்க்கவில்லை. மஸ்கட் அறையில் உட்கார்ந்து போனில் எங்கள் ஆற்றின் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏட்டி, மலைல மழை தொடங்கியாச்சு, துணியை எடு" என்பார். நான் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன். துடைத்து வைத்தது போல இருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைப்பேன். நான் உலையில் அரிசி போடுவதற்குள் ஓட்டின் மேல் முதல் துளி விழும். கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மனிதர் என் கொடியில் கிடக்கிற துணி நனையாமல் காப்பாற்றுகிறாரே என்று அப்படியே நின்றுவிடுவேன். அந்த ஆச்சரியம் எனக்கு இன்றுவரை பழகவில்லை.

வந்த பிறகு ஒரு வருடத்துக்கான மீன்பிடியையும் அவர் எனக்குச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு நாங்கள் குடியிருப்பது வேறு ஏதோ ஆற்றின் கரையில் போலத் தோன்றியது. கர்க்கடக மாதத்து மழையில் ஆறு கலங்கி ஓடும்போது கண்ணை நம்பி வாழ்கிற மீன் ஒதுங்கிவிடும், மீசையால் தடவித் தின்கிற கெளுத்தி வெளியே வரும், அதற்கு மண்புழு. மழை விட்டுத் தெளிகிறபோது வரால் சிவப்புக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீரின் மேல்மட்டத்தில் திரியும், அப்போது தாயின் மேல் தூண்டில் போடக்கூடாது. துலாம் மாதத்தில் மத்தியானம் இடி இடித்துச் சாயங்காலம் பெய்கிற மழையில் விலாங்கு பாறைப் பொந்தை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்து இறங்கும். அதுவும் நிலவில்லாத நாளாகப் பார்த்து இறங்கும். "பாறைப் பொந்துக்குள்ள கெடக்க விலாங்குக்கு அமாவாசன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் தெரியல்ல" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் காத்திருந்தது ஏற்றுமீனுக்கு. இடவத்தில் முதல் பெருமழை விழுந்து, வயலில் நிறைந்த புதுத் தண்ணீர் ஓடை வழியாக ஆற்றில் வந்து சேரும்போது, ஆற்று மீன்கள் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து ஏறி வயலுக்குள் வந்து முட்டையிடும். கல்யாணத்துக்கு முன் பார்த்தது என்று சொல்வார். நான் நம்பியும் நம்பாமலும் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் நாகர்கோவிலில் பிறந்தவள். மீன் என்றால் கடியப்பட்டணம் கடற்கரையிலிருந்து கூடையில் வந்து வாசலில் இறங்குவது. இந்த ஆற்றங்கரைக்கு வாழ வந்த பிறகும், காலை பஸ்ஸில் மார்த்தாண்டத்துக்குத் தையல் கடை திறக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன்.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் வரச் சொல்லி வாரந்தோறும் கூப்பிட்டார்கள். "ஒரு இடவப்பாதி பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பதுதான் அவருடைய பதில். அவர் போகக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகள் பெங்களூரில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். இனியும் தனியாக அந்த வீட்டில் இரண்டு தட்டில் ஒன்றை மட்டும் கழுவிக் கவிழ்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவரைப் போகாதே என்று தடுப்பது எங்கள் ஊர் வீடுகளில் யாரும் செய்யாத காரியம். தடுத்த பிறகு ஏதாவது குறை வந்தால் ஆயுசுக்கும் அந்தப் பழி தடுத்தவள் தலையில்தான். அதோடு, சொந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று என்னைக் கேட்கிற மனிதர் அவர். இங்கே இருக்கத்தான் அவருக்கு இஷ்டமா என்பதே எனக்குத் தெரியாது. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

கடைசியில், அவர் பதிலுக்குக் காத்திராமல் கம்பெனி எடுத்த டிக்கெட்டே அவருடைய போனுக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். சிவப்பு வட்டத்துக்குப் பிறகு சில நாட்கள் கழித்துத்தான் பயணம். "அதுக்கு முன்ன ஏறும். வாவும் மழையும் சேந்து வருது" என்றார். அமாவாசையை அவர் வாவு என்றுதான் சொல்வார்.

அமாவாசையன்று விடியுமுன் போய் ஓடைமுகத்தில் உட்கார்ந்தார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. போனில் காட்டிய மேகமெல்லாம் மனம் மாறி வடக்கே போய்விட்டது. ஓடையில் கோழி கால் நனைக்கிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. மத்தியானம் ஒரு நண்டோடு திரும்பி வந்தார். அதையும் வாசலில் விட்டுவிட்டார். அவர் ஆற்றுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோறு தின்றதைப் பார்க்க எனக்கு அந்த ஆற்றின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை வருடம் உன்னையே நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு ஒரு நாள் முகம் காட்டினால் குறைந்தா போவாய் என்று கொல்லைக்குப் போய் நின்று சத்தமாகவே கேட்டேன்.

பிறகு வந்த நாட்களில் அவர் காலண்டர் பக்கமே போகவில்லை. சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். நான் அவருடைய பையின் ஜிப்பைத் தைக்க உட்கார்ந்தேன். ஊசி ஒடிந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் ஒடிந்தது. தையல் மெஷின் எண்ணெய் கேட்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

பயணத்தன்று விடியற்காலையில் என்னைத் தட்டி எழுப்பினார். "ஏட்டி, எந்திரி. ஆத்து வெள்ளத்துக்க மணம் மாறியாச்சு." எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தபோது காற்று நின்றிருந்தது. தவளைகள் எல்லாத் திசையிலிருந்தும் கத்திக்கொண்டிருந்தன. திருவட்டாறு பக்கம் மலையே தெரியவில்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவர் நகர்ந்து ரப்பர் தோட்டத்தின் மேல் வந்து, வாழைத் தோப்பைத் தாண்டி, எங்கள் கூரையில் ஏறியது. அப்படி ஒரு மழையை அந்த வருடம் முழுவதும் நான் பிறகு பார்க்கவில்லை. குடை வைத்துப் பயனில்லை என்று அதை நடையிலேயே போட்டுவிட்டு இருவரும் இறங்கினோம். வலையும் கூடையும் அவர் கையில் இருந்தன.

நன்றாக வெளுத்தபோது வயல் முழுவதும் ஒரே தண்ணீராக நிறைந்து, வரப்பு வழிந்து, செம்மண் நிறத்தில் ஓடை இரைந்துகொண்டு ஆற்றுக்கு இறங்கியது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கீழ பாரு, கீழ பாரு" என்றார். ஓடையின் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருக்க, அதன் உள்ளே வேறு ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. முதுகு முதுகாக வந்தது. கெண்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, துடித்து, ஒரு சாண் ஏறி, அரைச் சாண் சறுக்கி, மறுபடியும் ஏறின. சின்ன மடை விழுகிற இடத்தில் வரால் ஒன்று உடம்பை வில்லாக வளைத்து எம்பியது. விழுந்தது. எம்பியது. மூன்றாவது தடவை அந்தப் பக்கம் போய் விழுந்தது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.

தண்ணீருக்கு வெளியே நடந்ததுதான் பெரிய அதிசயம். வரப்புப் புல்லின் மேல், மழை நனைத்த தரையில், பனையேறிக் கெண்டைகள் செவுளை விரித்து ஊன்றி ஊன்றி நடந்து வந்தன. மீன் நடந்தது! என் காலுக்குக் குறுக்கே வந்த ஒன்று நின்று, என்னைச் சுற்றிக்கொண்டு போனது. குனிந்து ஒன்றை எடுத்தேன். முள் விரலில் ஏறியது. அது என் கைக்குள்ளிருந்தும் வயல் இருந்த திசையையே முட்டித் தள்ளியது. வயிறு முட்டையால் தெறித்துவிடும் போல இருந்தது. என் உள்ளங்கையளவு இருக்கிற ஒரு பிராணிக்கு இத்தனை பலமா, இத்தனை தீர்மானமா! எனக்கு அழுகை வந்தது. மழையில் நின்றதால் மறைக்க வேண்டியிருக்கவில்லை. பைய வரப்பில் விட்டேன். அது விட்ட இடத்திலிருந்தே நடக்கத் தொடங்கியது.

அவர் ஓடைக்குள் முழங்கால் நனைய நின்றார். கூடை கரையில் கிடந்தது. வலையை உதறக்கூட இல்லை.

"பிடிக்கல்லியா?" என்று கேட்டேன்.

"பிடிச்சு எங்க கொண்டு போவ? பெட்டியிலயா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "அது போவட்டு. அதுக்குப் போறதுக்கு எடம் உண்டு."

அப்போது மேட்டில் ஹாரன் கேட்டது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகச் சொல்லி வைத்திருந்த வண்டி. வழியில் தண்ணீர் கட்டும் என்று பயந்து டிரைவர் முன்னதாகவே வந்துவிட்டார். என் கணவர் மீன்களிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நேரமாச்சு. ஜெபம் பண்ணு" என்றார்.

எங்கள் வீட்டில் பயணம் புறப்படுமுன் நான்தான் ஜெபம் செய்வேன். இருவரும் நின்றுகொண்டு, பெட்டியின் மேல் கை வைத்து, போகிற வழிக்குத் துணை கேட்டு, போகிற காரியம் வாய்க்கக் கேட்டு, சுகமாய்த் திரும்பக் கேட்டு முடிப்பேன். எத்தனையோ தடவை செய்து பழகியது, கண்ணை மூடினால் தானாக வரும். அன்று பெட்டி வீட்டில் இருந்தது. நான் ஓடைக்குள் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். வழுக்கியதால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கணுக்காலில் என்னென்னவோ உரசி உரசி மேலே போய்க்கொண்டிருந்தன. கண்ணை மூடினோம்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கினேன். அடுத்து வழியைப் பற்றிய வார்த்தை வர வேண்டும். வரவில்லை. மழை இரைந்தது. அவர் பொறுமையாகத் தலை குனிந்து நின்றார்.

"இவரு போவாண்டாம், ஆண்டவரே" என்றேன். ஜெபத்தில் நாங்கள் அப்படிப் பேசமாட்டோம், புத்தகத் தமிழில்தான் பேசுவோம். எனக்கு அதுதான் வந்தது. "எனக்கு இவரு இங்க வேணும். போனது போதும். இங்க இருக்கதுக்கு இவருக்கும் மனசு குடும்."

சொல்லிவிட்டேன். கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. பிடித்திருந்த கை அசையவில்லை. மேட்டிலிருந்து மறுபடியும் ஹாரன் கேட்டது.

"ஆமென்" என்றார் அவர்.