வராத வேகனும் ஆத்தூர் உப்பும்

தோலைத் தரம் பிரிப்பதுபோல முட்டாள்களையும் தரம் பிரித்து அடுக்கினால், என்னைக் கண்ணை மூடிக்கொண்டு முதல் ரகத்தில் வைத்துவிடலாம். ஓட்டை, கீறல், சுருக்கம் எதுவும் இல்லாத சுத்தமான முட்டாள். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் சொல்வதற்குத் திண்டுக்கல்லில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. ஷாப் என்றதும் வெளியூர்க்காரர்கள் செருப்பு வாங்க வந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் தோல் பதனிடும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அங்கே ரயில் வேகனில் வருவது, லாரியில் போவது, கிடங்கில் கிடப்பது எல்லாம் என் பொறுப்பு. வயது இருபத்தாறு. காதில் பென்சில், கையில் ரயில்வே கால அட்டவணை. அந்த அட்டவணையை நான் நம்பிய அளவுக்கு என் மாமனார் என்னை நம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிடங்கில் எந்நேரமும் இருபத்தைந்து உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஆட்டை உரித்த தோலுக்கு உடனே உப்புப் போட வேண்டும். கோடை வெயிலில் அரை நாள் உப்பில்லாமல் கிடந்தால் முடி கழன்று, தோல் நாறி, தொட்ட இடம் பிய்ந்துவிடும். அதற்காகத்தான் முதலாளி உப்பைச் சேர்த்து வைத்திருந்தார். எனக்கோ அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் வீண் சரக்காகப் பட்டது. பதனிடத் தேவையான ஆவாரம் பட்டையை வைக்க இடமில்லாமல் வெளியே போட்டிருந்தோம்.

"உப்பு என்ன தங்கமா முதலாளி, பூட்டி வைக்கிறதுக்கு? தூத்துக்குடிக்கு ஒரு தந்தி குடுத்தா மூணாம் நாள் வேகன் வந்து நிக்கும். இதை வித்துட்டுப் பட்டையை உள்ள வைப்போம்" என்றேன்.

"பெருநாள் வருதேப்பா" என்றார் அவர்.

"அதுக்கு முன்னாடியே புது உப்பு வந்துரும், முதலாளி. நான் அட்டவணை பாத்துட்டேன்."

"உன் பொறுப்பு" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து மூட்டையையும் கடைத்தெரு மளிகைக்காரர் ஒருவருக்கு விற்றேன். பட்டைக் கட்டுகளை உள்ளே அடுக்கி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று அழகு பார்த்தேன். தூத்துக்குடிக்குத் தந்தியும் கொடுத்தேன்.

பக்ரீத் பெருநாள் எங்கள் தொழிலுக்குச் சாதாரண நாள் இல்லை. வழக்கமாக ஒரு மாதத்தில் வருகிற தோல் அன்று ஒரே பகலில் வந்து குவியும். ஆட்டைக் குர்பானி கொடுத்தவர்கள் அதன் தோலை மதரஸாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் தங்கி ஓதுகிற மதரஸா அது. அத்தனை தோலையும் எங்கள் ஷாப்தான் எடுக்கும். மறுநாள் தரம் பார்த்து விலை பேசுவோம். அந்தப் பிள்ளைகளின் வருஷத்துச் சோறு பெரும்பாலும் அதில்தான். தோல் கெட்டால் விலை இல்லை. விலை இல்லையென்றால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும்.

பெருநாளுக்கு முந்தின நாள் வரை வேகன் வரவில்லை. நான் கலங்கவில்லை, காலை கூட்ஸில் வந்துவிடும் என்று அட்டவணை சொன்னது. அன்று ராத்திரி நல்ல கோடை மழை. ஜன்னலைத் திறந்து வைத்து, சாரலை அனுபவித்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் தொழுகை முடிந்ததும் புதுச் சட்டையோடு கூட்ஸ் ஷெட்டுக்கு ஓடினேன். அங்கிருந்த குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "மழையில லைன்ல மண்ணு அரிச்சுட்டுப் போயிருச்சாம் பாய். மதுரைக்கு அந்தாண்ட எல்லாம் நிக்குது. மூணு நாளாகும்."

மூன்று நாள்! தோல் இன்னும் இரண்டு மணி நேரத்தில் வரத் தொடங்கிவிடும்.

முதலாளி தெருவில் நின்று எல்லோரையும் தழுவிப் பெருநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் போய்த் தழுவினேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் தோளில் சாய்ந்தபடியே, "உப்பு வரலை முதலாளி" என்று காதில் சொன்னேன். என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. என்னை விடுவித்து, சட்டையை நேராக்கிவிட்டு, சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள உப்பு வரணும். எங்கேயிருந்துன்னு நான் கேக்க மாட்டேன்."

நேராக மளிகைக்காரரிடம் ஓடினேன். "வித்ததும் நீங்க, கேட்டு வாரதும் நீங்களா?" என்று அவர் குலுங்கிச் சிரித்தார். "அம்புட்டும் ஆத்தூர்ல ஒரு தோட்டக்காரம்மா தென்னைக்குன்னு ஏத்திட்டுப் போயிருச்சு. கடையில இப்ப ஒண்ணரை மூட்டை கெடக்கு. அதையும் எடுத்துக்கிட்டா ஊரு சாம்பாருக்கு என்ன செய்யும்?"

ஒரு மூட்டையை மட்டும் கெஞ்சி வாங்கி ஷாப்புக்கு அனுப்பிவிட்டு ஆத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தென்னைகளைச் சுற்றி வட்டமாகப் பாத்தி வெட்டியிருந்தது. மண் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. சாளைக் கொட்டகையில் என் மூட்டைகள்! எங்கள் ஷாப்பின் சிவப்புச் சாயக் குறியோடு, என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல அடுக்கியிருந்தன. பக்கத்தில் மண்வெட்டியோடு ஓர் அம்மா. ஐம்பது வயதுக்குள் இருக்கும். சேலையை ஏற்றிச் செருகி, முழங்கால் வரை சேறு.

என் வியாபாரப் பேச்சு முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். கூட விலை தருகிறேன் என்றேன். "விக்கிறதுக்கா வாங்கியாந்தேன்?" என்றார். இந்த உப்பு மரத்துக்கு அவ்வளவாக ஆகாது, அதற்கென்று தனி உப்பு இருக்கிறது, நானே வரவழைத்துத் தருகிறேன் என்று புளுகினேன். "உப்புல மரத்துக்கு ஒண்ணு, மனுசனுக்கு ஒண்ணுன்னு இருக்கோ?" என்று சொல்லிவிட்டு அவர் மண்ணைக் கொத்தப் போய்விட்டார்.

அப்படியே வரப்பில் உட்கார்ந்தேன். புதுச் சட்டை, புது வேட்டி, சேறு. இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னேன். "அக்கா, அந்த மூட்டை எங்க மூட்டைதான். உப்பு எடத்தை அடைக்குதுன்னு நான்தான் முதலாளிகிட்ட அடம்புடிச்சு வித்தேன். இப்ப ரயிலு வரலை. தோலு வந்துக்கிட்டிருக்கு. அனாதப் பிள்ளைக சோத்துல மண்ணு விழப்போகுது. நான் வித்த உப்பைத் தேடி நானே வந்திருக்கேன்."

அந்த அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. "ஏலே, அம்புட்டுப் பேரும் இங்க வாங்கலே!" என்று வேலையாட்களைக் கூப்பிட்டார். "தம்பி, இவங்களுக்கும் ஒருக்கா சொல்லு."

சொன்னேன். வேறு வழி? அவர்களும் சிரித்தார்கள். ஒருவர் சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டார். அவருக்குத் தனியாகச் சொன்னேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்டார்: "தோலு எம்புட்டு நேரம் தாங்கும்?"

"சாயங்காலம் வரைக்கும், அக்கா."

"அப்பறம் என்ன இங்க உக்காந்து கதை சொல்லிக்கிட்டிருக்க? எந்திரி!"

அதற்குப் பிறகு எல்லாம் பறந்தது. இரண்டு மாட்டு வண்டிகளில் பதினைந்து மூட்டை ஏறியது. ஆனால் வண்டி திண்டுக்கல் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் பத்து மூட்டையைப் பஸ்ஸின் மேலே ஏற்றினோம். கண்டக்டர் ஏணியில் நின்று எண்ணிக்கொண்டே, "இதுகளுக்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?" என்றார். "எல்லாம் மூணு வயசுக்குள்ளதாண்ணே" என்றேன். அவர் சிரித்ததில் ஒரு மூட்டையை எண்ண மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

செம்பட்டி தாண்டி ஒரு மேட்டில் பஸ் முக்கி முனகி நின்றுவிட்டது. டிரைவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் உப்பே தேவையில்லை, நான் அப்படியே கருவாடாகிவிட்டேன். பயணிகள் எல்லோரும் இறங்கினார்கள். முதலில் திட்டினார்கள், விஷயம் கேட்டதும் சிரித்தார்கள், பிறகு தள்ளினார்கள். "பாய், பிரியாணி உண்டுல்ல?" என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். உண்டு, உண்டு என்று நானும் கத்திக்கொண்டே தள்ளினேன். பஸ் மேடேறியபோது நாங்கள் போட்ட கூச்சல் திண்டுக்கல் கோட்டை மலைக்கே கேட்டிருக்கும்.

மூட்டை இறக்க என்னோடு தோட்டத்து ஆள் ஒருவர் வந்தார். மறுபடி ஏறி உட்கார்ந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க வந்த நேரம் பாருங்க. இந்த மழைக்குத்தான் மூணு மாசமா எங்க தோட்டத்தம்மா வானத்தைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. பிஞ்சுக் குரும்பை அம்புட்டும் உதிருது, உப்பு வச்சாத்தான் தங்கும். ஈரம் காயறதுக்குள்ள உப்பு வைக்கணும்னுதான் விடிய முன்ன பாத்தி வெட்டினோம்."

எந்த மழை என் ரயிலை நிறுத்தியதோ, அதே மழைக்காகத்தான் அவர் உப்பு வாங்கி வைத்திருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேனோ? கேட்டிருப்பேன். அதுதான் வெட்கம்.

ஷாப் வாசலில் தோல் மலையாகக் குவிந்திருந்தது. ஈ மொய்த்தது. முதலாளி பெருநாள் சட்டையைக் கழற்றிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மளிகைக்காரரின் அந்த ஒற்றை மூட்டையைத் தங்கத் தூள்போலக் கிள்ளிக் கிள்ளித் தூவிக்கொண்டிருந்தார். பஸ்ஸே ஷாப் வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூட அரை நிமிஷம் ஆனது. மூட்டைகளை இறக்கிவிட்டு எல்லோரும் வேலைக்கு உட்கார்ந்தோம். தோலை விரி, உப்பை அள்ளு, தேய், மேலே அடுத்த தோலைப் போடு. கையில் இருந்த கீறலெல்லாம் எரிந்தது. உப்புத் தீரப் போகிற நேரத்துக்கு மாட்டு வண்டிகளின் மணிச் சத்தம் கேட்டதே, அதைவிட இனிய சங்கீதத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. அடியில் கிடந்த முப்பது நாற்பது தோல் போய்விட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. கடைசி அடுக்கு முடிந்தபோது மாலைத் தொழுகைக்கான மஃரிபு பாங்கு கேட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு சட்டி பிரியாணியை என் முன்னால் நகர்த்தி வைத்தார். உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. என் கையாகக்கூட இருக்கலாம்.

நாலாம் நாள் வேகன் வந்தது. கிடங்கில் இறக்குவதற்கு முன்னால் முப்பது மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆத்தூர் போனேன். ஐந்து மூட்டை கூடுதல், முதலாளி சொல்லி அனுப்பியது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சரக்கு வராமல் வழியில் நின்றிருக்கிறது. நான் கெட்டிக்காரனாகப் பேசிய இடங்களில் கிடைக்காத உதவி, செய்த தப்பை உள்ளபடி சொன்ன இடங்களில் கிடைத்திருக்கிறது. ஆனாலும் உதவி கேட்டு ஒரு வாசலில் நிற்கும்போதெல்லாம், அந்த வீட்டில் நமக்குச் சொல்லாமல் எதை இழக்கிறார்களோ என்று ஒரு கணம் மனசு திக்கென்கிறது. அது அன்று ஆத்தூரில் லாரியிலிருந்து இறங்கியபோது தொடங்கியது. தோட்டத்து மண் காய்ந்து வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெட்டிய பாத்திகள் வெறுமனே வாயைத் திறந்து கிடந்தன. மரத்தடியில் உதிர்ந்த குரும்பைகள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நன்றியுரை மறந்துபோனது.

"அக்கா, என்னால உங்களுக்கு ஒரு மழை போச்சே" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மரம் அடுத்த மழை வரைக்கும் நிக்கும், தோலு நிக்காது, நீ மூட்டையை எறக்கு."