மரக்கட்டையில் கட்டிய திறப்பு

பழிவாங்குவது பாவம் என்று மாதா கோயில் பூசையில் சுவாமியார் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். வெட்கத்தில் அல்ல, சிரிப்பை மறைக்க.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் பதில் ஆளாகச் சேர்ந்தேன். நாட்கூலி. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. என்னோடு சேர்ந்த ஆணுக்குச் சீக்கிரமே நிரந்தர நியமனம் கிடைத்தது. நான் போய்க் கேட்டதற்கு, "பொம்பிளைப் பிள்ளை, கலியாணம் கட்டிக்கொண்டு போயிடுவீர். பிறகு பாப்பம்" என்றார் எங்கள் தபால் அதிபர்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். கழிப்பறைப் பூட்டின் திறப்பைத்தான் மன்னிக்கவில்லை.

கந்தோரில் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. அதை அதிபர் எப்போதும் பூட்டி, திறப்பைப் பெரிய மரக்கட்டை ஒன்றில் கட்டித் தன் மேசை லாச்சிக்குள் வைத்திருப்பார். ஆண்கள் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நானும் இன்னொரு பெண்ணும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"திறப்பைத் தாங்கோ, சேர்."

"என்னத்துக்கு?"

வரிசையில் நிற்கிற சனத்துக்கெல்லாம் கேட்கும்படிதான் கேட்பார். தெரியாமலா கேட்டார்? வாய்விட்டுச் சொன்னால் அடுத்தது வரும்: "இப்பத்தானே போயிட்டு வந்தனீர்?"

அந்த மனிதருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டேன். சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கிடந்த நாட்களுக்கும் கூலியை வெட்டினார். கட்டிலில் படுத்தபடியே அவரை மனதாரச் சபித்தேன்.

பிறகு பரீட்சை எழுதி, நிரந்தரமாகி, ஊரூராக மாற்றலாகி அலைந்து, போன வருடம் அதே கந்தோருக்கு அதிபராக வந்தேன்.

அண்மையில் ஒரு நாள் அவர் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பொதி அனுப்ப வந்தவர், நீண்ட வரிசையில் நின்று நெளியத் தொடங்கினார். கடைசியில் பழைய உரிமையோடு நேரே என் மேசைக்கு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"பிள்ளை, நானும் இங்க அதிபரா இருந்தனான். அந்த டொய்லட் திறப்பை ஒருக்காத் தாங்கோ."

"என்னத்துக்கு?" என்றேன், அவருடைய அதே குரலில்.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "சுகர் வருத்தம் பிள்ளை... அவசரம்" என்று முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை. என்னத்துக்கு?"

கால்களை இடுக்கிக்கொண்டு உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. கண்கள் தாழ்ந்தன. பாவம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"திறப்பு இல்லை, சேர்."

அவர் முகம் செத்துப்போனது. அதை ஆறஅமர, ஆசை தீரப் பார்த்தேன். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன்.

"நான் வந்த அண்டைக்கே பூட்டைக் கழட்டி எறிஞ்சிட்டன். அந்தக் கதவுக்கு இப்ப ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."