ஜோகுபாளையத்து சவரிமுத்து காய்ந்து நின்ற நாள்

சவரிமுத்துவுக்கு வந்தது உங்களுக்கும் எனக்கும் வருகிற வியர்வை இல்லை. நாம் வெயிலில் நடந்தால் வியர்க்கும், நிழலுக்கு வந்தால் அடங்கும். அதில் ஒரு நியாயம் உண்டு. அவருக்கு மார்கழிக் குளிரில், பெங்களூரே கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கிற நேரத்தில், கழுத்திலிருந்து தொடைவரை ஊற்றெடுக்கும். முதுகு, மார்பு, வயிறு, இடுப்பு என்று ஓர் இடம் பாக்கி இருக்காது. உள்ளங்கை மட்டும் வியர்க்கிறவர்கள் ஒரு கைக்குட்டையை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். உடம்பு முழுக்க வியர்க்கிறவன் எதை வைத்துச் சமாளிப்பான்? போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டா திரிவான்?

பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். சவரிமுத்துவும் வாலிபத்தில் கொஞ்ச காலம் இறங்கியிருக்கிறார். பூமிக்கடியில் அந்த வெக்கையில் எல்லார் மேலும்தான் கொட்டும். அதனால் அங்கே இவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்பா இறந்த பிறகு பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்து, மாதா கோயில் பேண்டில் கார்னெட் ஊதக் கற்றுக்கொண்டு, ஜோகுபாளையத்தில் ஒரு வீடு பிடித்து, ஆரோக்கியமேரியைக் கட்டிக்கொண்டார். கார்னெட் என்றால் ட்ரம்பெட்டுக்குத் தம்பி, கொஞ்சம் குள்ளம், குரல் கொஞ்சம் இளகினது. அதை அவர் ஊதினால் நடக்கிறவன் நிற்பான். ஆனால் பிழைப்பு அமைந்தது நாராயணசாமியின் பேண்டு செட்டில். அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது விற்றுவிட்டுப் போன சிவப்புக் கம்பளிக் கோட்டுகளை மொத்தமாக வாங்கி, தன் ஆட்கள் எல்லாருக்கும் மாட்டிவிட்டார். லண்டன் குளிருக்குத் தைத்த கோட்டு! அதற்குள் சவரிமுத்து!

கோட்டின் சாயம் இறங்கி உள்சட்டை ரத்தக்களறியாகும். கல்யாணப் பந்தியில் அவர் எழுந்த இடத்தில் அடுத்த ஆள் உட்கார மாட்டான். ஆகவே கல்யாணங்களில் நாராயணசாமி அவரைப் பின் வரிசைக்குத் தள்ளிவிடுவார். சாவு என்றால் மட்டும் சவப்பெட்டிக்கு அடுத்து முன்வரிசை. ஏனென்றால் நெற்றியிலிருந்து வழிவது கன்னத்தில் இறங்கி மோவாயில் சொட்டும்போது, பார்க்கிறவர்களுக்கு அது கண்ணீர். "யார் வீட்டுச் சாவுன்னாலும் தன் வீட்டுச் சாவு மாதிரி அழுவாரு, பெரிய மனசு" என்று ஊரே பேசும். கார்னெட்காரர் வந்தால்தான் ஆச்சு என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அது வியர்வைங்க என்று பெற்றவனைப் பறிகொடுத்தவனிடம் போய்ச் சொல்ல முடியுமா? கூசிக்கூசி வாயை மூடிக்கொண்டார் பாவம்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. படிகாரக் கல்லை உரசித் தேய்த்தார், தோல் எரிந்தது. சந்தனம் அரைத்துப் பூசினார், சந்தனமே கரைந்து ஓடியது. வெட்டிவேர் ஊறின தண்ணீரில் குளித்ததில் வாசனையாக வியர்த்தது. சிவாஜிநகர் ஹகீம் ஒருவர் கொடுத்த லேகியத்தில் வயிறு போனதுதான் மிச்சம். பவுடர் பூசினால் முதுகெல்லாம் இட்லி மாவு. கடைசியில் இது கர்த்தர் போட்ட கோட்டு, கழற்ற முடியாது என்று விட்டுவிட்டார்.

விட்டுவிட்டதைத் திரும்ப எடுக்க வைத்தது மகள் பெர்னதெத்தின் நிச்சயதார்த்தம்.

ஒரே பெண். தங்கவயலில் நல்ல இடம், மாப்பிள்ளை மரியதாஸ் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையிலேயே இரண்டு வீட்டுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தட்டு மாற்றும்போது சவரிமுத்து குனிந்தார். மோவாயிலிருந்து சொட்டுச்சொட்டாகத் தட்டிலிருந்த பட்டுப்புடவையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா அல்போன்சா புடவையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் சம்பந்தி, உக்காந்த எடத்துல இப்டி ஊத்துது? ஜுரமா?"

"சின்ன வயசுலேருந்தே இப்டித்தாங்க" என்றார் சவரிமுத்து.

"சுரங்கத்துல எறங்கினவரா நீங்க?"

"கொஞ்ச நாள் எறங்கினேன்."

அவ்வளவுதான். தங்கவயல்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். சுரங்கத் தூசு நெஞ்சில் தங்கின வீடுகள் அவை. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு வியர்த்துக் கொட்டினால் அடுத்தது இருமல், அதற்கடுத்தது ரத்தம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அல்போன்சா புருஷனைப் பறிகொடுத்ததும் அப்படித்தான். வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் மனுஷருக்குப் புழுக்கம் என்று விசிறியை நீட்டியிருப்பாள். இவள் தன் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தள்ளி உட்கார வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. க்ஷயம் இருக்கிற வூட்ல பொண்ணு எடுத்தா நாளைக்கு என் புள்ளைக்கும் வரும். ஒரு சாவு பார்த்தாச்சு, போதும்" என்றாள்.

சவரிமுத்து ஓடினார், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு. நெஞ்சுப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, டாக்டர் வெங்கடகிருஷ்ணன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நெஞ்சு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. க்ஷயமும் இல்லை ஒண்ணும் இல்லை. உம்ம உடம்பு வாகு அப்படி."

படத்தை எடுத்துக்கொண்டு தங்கவயலுக்கு ரயிலேறினார். அல்போன்சா அதைத் தொடக்கூட இல்லை. "எங்க வூட்டுக்காரருக்கும் முதப் படத்துல ஒண்ணும் தெரியலை. வேர்வைதான் முதல்ல வந்துச்சு" என்றாள். பிள்ளை பிடிவாதம் பிடித்ததால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்தன்று ஊர் உறவெல்லாம் வரும், அவர்கள் எதிரில் இப்படி ஊற்றிக்கொண்டு நின்றால் அப்போதே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

திரும்பவும் டாக்டர். "ஒரே ஒரு நாள் நிறுத்திக் குடுங்க சார். கோயில்ல பொண்ணைக் கைப்பிடிச்சு நடத்தினு போவணும். அப்புறம் எப்டி வேணா ஊத்தட்டும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தடவிக்கற மருந்து இருக்கு. அக்குள்ல தடவலாம், உள்ளங்கையில தடவலாம். நீர் முதுகு, மார், வயிறுன்னு காமிக்கறீர். உம்மைத் தொட்டி கட்டித்தான் முக்கி எடுக்கணும். கையைத் தண்ணியில வெச்சுக் கரண்ட் விடற வைத்தியம்னு ஒண்ணு சொல்றா. உடம்பு முழுக்க விட்டா கல்யாணம் நடக்காது, வேற ஒண்ணு நடக்கும்."

"ஆபரேஷன் கீதுன்றாங்களே சார்?"

"முதுகெலும்பு ஓரமாப் போற நரம்பை வெட்டறது. அதுவும் கைக்குத்தான் பண்ணுவா. இங்க அடைச்சா அங்க உடைச்சுக்கும், வயத்துலயும் தொடையிலயும் ரெண்டு பங்கா வரும். உமக்கு வேண்டாம்." மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மாத்திரை ஒண்ணு இருக்கு. உடம்பு முழுக்க அடைக்கும். ஆனா அதுக்கு முதுகு எது, வாய் எதுன்னு தெரியாது. நாக்கு ஒட்டிக்கும், கண்ணு காயும், கிட்டத்துல இருக்கறது மங்கும், மூத்திரம் சிரமப்படும். வெயில்ல மட்டும் நிக்கவே நிக்காதீர். சூடு வெளிய போக வழி இல்லாம சுருண்டு விழுந்துடுவீர்."

'அடைக்கும்' என்ற ஒரு சொல்தான் சவரிமுத்துவின் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவருக்குச் சொன்னதாகப் போயிற்று.

வீட்டில் ஒரு நாள் மாத்திரையைப் போட்டுச் சோதனை பார்த்தார். அதிசயம்! மத்தியானம் சட்டை காய்ந்த சட்டையாகவே இருந்தது. ஆரோக்கியமேரி முதுகைத் தடவித்தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த முதுகை அவள் உலர்ந்து பார்த்ததில்லை. சந்தோஷத்தில் சவரிமுத்து கார்னெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. உதடு தோல் செருப்பாகக் கிடந்தது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

பேண்டுக்காரர்களை மடக்கத் தெருப்பிள்ளைகள் செய்கிற ஒரு விஷமம் உண்டு. எதிரில் நின்று எலுமிச்சம்பழத்தைச் சப்புவார்கள். ஊதுகிறவனுக்கு வாயில் எச்சில் ஊறி வாத்தியம் குளறும். ஆரோக்கியமேரி ஓடிப்போய் ஒரு பழத்தை நறுக்கி வந்து, புருஷன் எதிரில் உட்கார்ந்து கண்ணை இடுக்கிக்கொண்டு சப்பினாள்.

"ஊறுதாங்க?"

"இல்லை."

இன்னொரு துண்டு. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு சப்பினாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் தலையாட்டியதைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பெர்னதெத் சின்னக் குழந்தையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான், என் கல்யாணத்துக்கு அப்பாதான் ஊதணும் என்று. ஊதுவதா, காய்ந்து நிற்பதா? என்ன கொடுமை பாருங்கள்.

"பொண்ணுகிட்ட மாத்திரை விஷயத்தைச் சொல்லிடலாங்க" என்றாள் ஆரோக்கியமேரி.

"சொன்னா அது மரியதாஸ்கிட்ட சொல்லும். அவரு வாய் தவறி அம்மாகிட்ட சொல்வாரு. மாத்திரை துண்ணு நோயை மறைச்சான்னு ஆயிடும். வேணாம், யார்கிட்டயும் மூச்சு வுடாதே."

மகளிடம் கார்னெட்டில் வால்வு உடைந்துவிட்டது என்றார். "அதுக்கென்னப்பா, நாராயணசாமி மாமாகிட்ட வேற வாத்தியமா இல்லை?" என்றாள் அவள். அவர் எழுந்து போனார். அவள் முகம் சின்னதாகிப் போனதை முதுகாலேயே பார்த்துவிட்டார்.

ஈஸ்டர் கழிந்து, கோயிலில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஓலையும் வாசித்து முடித்து, கல்யாண நாள் வந்தது. பெங்களூருக்கென்று வைத்திருந்த வெயில் அத்தனையும் அன்றைக்குத்தான் கொளுத்தியது. சவரிமுத்து பயத்தில் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டுக்கொண்டார். கடன் வாங்கின கறுப்புக் கோட்டுக்குள் அவர் உடம்பு அடுப்பில் வைத்த இரும்புச் சட்டியாகக் காய்ந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வெள்ளைப்புடவையும் முக்காடுமாகப் பெர்னதெத் அவர் கையைப் பிடித்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நடைபழகின நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஈரக் கை. பிடித்துவிட்டு அவள் தன் கவுனில் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்த கை.

"இன்னாப்பா, கை இப்டி சுடுது? யாரோ கை மாதிரி இருக்குப்பா."

அவர் தலையை ஆட்டிவைத்தார். பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலிருந்த மகளின் முகம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. எட்டத்தில் நின்ற அல்போன்சா மட்டும் நன்றாகத் தெரிந்தாள். அவள் அவரை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், சட்டைக் காலரைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்லமெல்லத் தெளிச்சி வந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும், "என் வாயைக் கழுவணும் சம்பந்தி, தப்பா நெனச்சிட்டேன்" என்று அவளே வந்து சொன்னாள். ஜெயித்துவிட்டார் சவரிமுத்து. பேண்டு வாசித்தது. கார்னெட்டை வேறொருவன் ஊதினான், சுமாராகத்தான் ஊதினான்.

சாயங்காலம் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். தங்கவயல் வழியாக மாரிக்குப்பம் போகிற வண்டி நிற்கிறது. பெண்ணை ஏற்றிவிட வந்த சனம் முழுக்க அழுகிறது. ஆரோக்கியமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். முரட்டு நாராயணசாமிகூட மூக்கைச் சிந்துகிறார். சவரிமுத்துவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. கண்ணை இறுக மூடித் திறந்தார். மணல் உறுத்துகிற மாதிரி உறுத்தியது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்போதுதான் டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஜன்னலுக்குள்ளே அல்போன்சா யாரிடமோ சொன்னாள், அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "ஊரான் சாவுக்கெல்லாம் குடம் குடமா அழுவாரு, ஜோகுபாளையமே பேசுதுன்னாங்க. பெத்த பொண்ணு போவுது, மரம் மாதிரி நிக்கறாரே!"

பெர்னதெத்தும் அதைக் கேட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் கண்ணையே பார்த்தாள்.

"அப்பா, நான் போறது உங்களுக்குக் கஷ்டமா இல்லியா? நீங்க ஊதவும் இல்லை. அழவும் இல்லை."

சொல்ல எவ்வளவு இருந்தது! மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் எல்லாம் போச்சு. கஷ்டம்தான் கண்ணு என்கிற ஒரு வார்த்தையையாவது சொல்லப் பார்த்தார். காய்ந்த வாயிலிருந்து க் என்று ஒரு சத்தம்தான் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. அவள் கையாட்டினாள், எல்லாரையும் பார்த்துப் பொதுவாக.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு மாத்திரையின் பிடி விட்டது. முதலில் முதுகு நனைந்தது. பிறகு மார்பு, வயிறு, இடுப்பு. அவருடைய பழைய உடம்பு அவரைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. வாயில் எச்சில் ஊறியது. அதற்குப் பிறகு கண் திறந்துகொண்டது. தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். நெற்றியிலிருந்து வழிந்ததும் கண்ணிலிருந்து வழிந்ததும் ஒன்றாகச் சேர்ந்து மோவாயில் சொட்டின.

ஆரோக்கியமேரி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். வழக்கம்போல் கொடியிலிருந்த துண்டை எடுத்தாள்.

"இன்னாங்க, மறுபடியும் ஊத்த ஆரம்பிச்சிடுச்சா?" என்று முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"ஆமாம்" என்றார் சவரிமுத்து.