ஓட்டையில்லாத வல்லாரை

என் அண்ணன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், பொத்தான் நழுவிக்கொண்டே இருக்கும். அண்ணிதான் போட்டுவிடுவார். கலசப்பாக்கத்துப் பக்கம் எங்கள் நெல்லுக்கும் கத்தரிக்கும் வருடக்கணக்காகப் பூச்சிமருந்து அடித்த கை அது. முதலில் மருந்து அடிப்பதை நிறுத்துங்கள், நரம்பு தேற வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர். அவனா கேட்பான்? சோப்புப் போட்டுக் கழுவினால் போச்சு என்பான். இதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

வேலூரில் நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். பூச்சிமருந்து பட்டுச் சாகிற நரம்புச் செல்களை வல்லாரைச் சாறு காப்பாற்றுமா என்று பார்ப்பது. தட்டில் வளர்க்கிற செல்கள்தான், மனிதர்கள் இல்லை என்று அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அப்படியும் தங்கச்சி மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பரப்பியிருந்தான். வல்லாரை வேண்டும் என்றதும் எங்கள் வயல் வரப்பிலிருந்தே ஒரு கூடை பறித்து வந்தான். ஒவ்வொரு இலையும் அவ்வளவு அழகு.

காயவைத்து, பொடித்து, சாறு எடுத்துச் செல்களுக்கு விட்டேன். விஷமே விடாத தட்டில்கூட, சாறு மட்டும் பட்ட செல்கள் செத்துக் கிடந்தன. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கதை. எரிச்சலில் சோறு இறங்கவில்லை. இலை எங்கே பறித்தது என்று மட்டும் கேட்டார் என் பேராசிரியை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நம்ம வரப்புலதாம்மா. பூச்சி ஓட்டை போட்ட எலைய காலேஜிக்கு குடுத்தா இன்னா நெனைப்பாங்க? அதான் பறிக்கிறதுக்கு முன்ன ஒரு தபா மருந்து அடிச்சு வுட்டேன். நல்லா கழுவித்தான் குடுத்தேன்."

சந்தைக்குக் கத்தரிக்காய் அனுப்புகிறவன் புத்தி அது. போனிலேயே அவனைக் கிழிகிழியென்று கிழித்தேன். வைத்த பிறகு அழுகை வந்தது. எனக்காகத்தானே செய்தான், பாவி.

அடுத்த வாரமே ஜீப் பிடித்து மலைமேல் இருக்கிற புதூர்நாடு போனேன். சாமைக் கொல்லைக்குக் கீழே, மருந்து வாடையே படாத ஓடையோரத்தில் பறித்தேன். இலையெல்லாம் பூச்சி தின்ற ஓட்டை. அந்தச் சாறு ஒரு செல்லையும் வதைக்கவில்லை. அதற்குமேல் விஷம் விட்ட தட்டிலும் பெரும்பாலான செல்கள் பிழைத்து, கிளை நீட்டி நின்றன. லேபிலேயே குதித்தேன்.

அண்ணன் டாக்டரைப் பார்க்க வேலூர் வந்தபோது, அனுமதி வாங்கி அவனை லேபுக்கு அழைத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் மலை இலைத் தட்டை முதலில் காட்டினேன். சிரித்தான். அடுத்து, மீதமிருந்த வரப்பு இலைச் சாறு பட்ட தட்டு. செல்கள் சுருங்கி உருண்டு கிடந்தன. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது நான் கழுவின எலதானே?"

"ஆமாண்ணா."

"கழுவியும் போவலியா?"

வாழ்நாளில் நான் வாயை அடக்கியது அன்றைக்குத்தான். உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப தெனம் கழுவுற இந்தக் கை?"

அதற்குப் பிறகு அவன் மருந்து மெஷினைத் தொடவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல்தான் தெளிக்கிறான். பாதியைப் பூச்சி தின்கிறது என்று என்னைத்தான் திட்டுகிறான், திட்டட்டும். எங்கள் சாறு மனிதருக்கு மருந்தாவதற்கு இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். புதுச் சட்டையில் அண்ணன் வாசலில் நின்றான். பொத்தான்கள் கோணல்மாணலாக, ஒன்று மாறி இன்னொன்றில் மாட்டியிருந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்ல நாளும் அதுவுமாக ஒழுங்காகப் போட்டுவிடக் கூடாதா என்று அண்ணியிடம் பாய்ந்தேன்.

"நான் எங்க போட்டேன்?" என்றார் அண்ணி. "அவரேதான் போட்டுக்கினாரு."